மறையும் பெருக்கல் குறி: செறிவுக்கும் வினைவேகத்துக்கும் உள்ள தொடர்பை முதன்முறை அளப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

சோடியம் தயோசல்பேட் கரைசலில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஊற்றினால் கந்தகம் நுண்துகள்களாகப் பிரிந்து கரைசல் பால் போல் கலங்கும். குடுவைக்கு அடியில் வரைந்த பெருக்கல் குறி மெல்ல மறையும். அது மறைய எத்தனை விநாடி ஆகிறது என்று பார்த்து வினைவேகத்தைக் கணக்கிடுகிறோம். சிபிஎஸ்இ பன்னிரண்டாம் வகுப்புச் செய்முறைப் பட்டியலில் உள்ள பரிசோதனை இது. இலங்கை உயர்தரத்தில் இதே வேலையை நைத்திரிக் அமிலம் கொண்டு செய்கிறார்கள்; கீழே உள்ள முறை பெரும்பாலும் அதற்கும் பொருந்தும்.

கையேட்டில் அரைப் பக்கத்தில் முடிந்துவிடும் பரிசோதனைதான். ஆனாலும் வரைபடம் நேர்கோடாக வராமல் தவிப்பவர்கள் நிறைய. பெரும்பாலும் காரணம் ஒன்றே: செறிவை மட்டும் மாற்றுவதாக நினைத்துக்கொண்டு கூடவே வேறெதையோ மாற்றிவிடுகிறார்கள். வெப்பநிலை, கரைசலின் ஆழம், குடுவையின் சுத்தம், பார்க்கும் கண் என்று அது எதுவாகவும் இருக்கலாம். இந்தக் கட்டுரை முழுக்க அந்த ஓட்டைகளை அடைப்பதைப் பற்றியதுதான்.

1. முதல் நாளே சேர்த்து வைக்க வேண்டியவை

ஐந்து செறிவு, ஒவ்வொன்றுக்கும் மூன்று அளவீடு, ஆக மொத்தம் பதினைந்து ஓட்டம். அதற்குத் தேவையானவை:

– சோடியம் தயோசல்பேட் படிகம் 25 கிராம். கடையில் 'ஹைப்போ' என்று கேட்டாலே தருவார்கள். அரைக் கிலோ புட்டி சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். ஒரு வகுப்புக்கே போதும்.
– அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஏறத்தாழ 45 மி.லி.
– வாலைவடிநீர் 2 லிட்டருக்குக் குறையாமல்.
– 100 மி.லி. கூம்புக் குடுவை ஒன்று. ஐந்து குடுவை இருந்தாலும் ஒன்றையே பயன்படுத்துவது ஏன் என்று பின்னால் வருகிறது.
– 50 மி.லி. அளவுசாடி இரண்டு, 10 மி.லி. அளவுசாடி ஒன்று.
– வெப்பமானி, வெள்ளைத் தாள், கறுப்பு ஸ்கெட்ச் பேனா, நிறுத்துக் கடிகாரம் அல்லது கைபேசி.
– ஒரு வாளி, சலவைச் சோடா 50 கிராம். ஓட்டம் முடிந்த குடுவையை அப்போதைக்கப்போது கொட்டி வினையை நிறுத்த இது கட்டாயம் வேண்டும்.

அமிலம் வாங்கும்போது கவனம். கழிவறை கழுவ விற்கும் மஞ்சள் நிற அமிலத்தை எடுக்காதீர்கள். அந்த மஞ்சளுக்குப் பெரும்பாலும் இரும்புதான் காரணம். ஃபெரிக் அயனி தயோசல்பேட்டோடு சேர்ந்ததும் கரைசலில் ஒரு கணம் ஊதா நிறம் ஓடி மறையும். கொஞ்சம் தயோசல்பேட்டும் அதில் செலவாகிவிடும். அந்தப் புட்டியில் அமிலம் எத்தனை சதவீதம் என்பதும் உங்களுக்குத் தெரியாது. ஆய்வகத் தர அமிலம் நிறமற்றது, லேபிளில் சதவீதம் இருக்கும்.

வாலைவடிநீருக்குப் பதில் ஆழ்துளைக் கிணற்று நீர் ஊற்றலாமா என்று பலர் கேட்கிறார்கள். கடின நீரில் உள்ள பைகார்பனேட் கொஞ்சம் அமிலத்தைத் தின்றுவிடும். நாம் சேர்க்கும் அமிலத்தோடு ஒப்பிட்டால் அது சிறிய பங்குதான், ஆனால் நீர் அதிகமுள்ள குடுவையில் அதிகமாகவும் நீரே இல்லாத குடுவையில் இல்லாமலும் போகும். பிழை ஒரே பக்கமாகச் சாயும் என்பதால் தவிர்ப்பது நல்லது. வாலைவடிநீர் கிடைக்காவிட்டால் ஆர்ஓ நீர் போதும்.

2. கரைசல் தயாரித்தல்: முந்தைய நாள் மாலை

தயோசல்பேட், 0.1 மோலார் (ஒரு லிட்டர் கரைசலில் 0.1 மோல்), 1 லிட்டர். ஐந்து நீர் மூலக்கூறுகளைக் கொண்ட படிகத்தின் மோலார் நிறை 248.2. ஆகவே 24.8 கிராம் எடை போட்டு, கொதிக்க வைத்து ஆறிய வாலைவடிநீரில் கரைத்து 1 லிட்டராக்குங்கள். புட்டியில் 'நீரற்றது' என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அதன் மோலார் நிறை 158.1 என்பதால் 15.8 கிராம் போதும். அதிலேயே 24.8 கிராம் போட்டால் கரைசல் 0.157 மோலார் ஆகிவிடும், நேரம் எல்லாம் கையேட்டில் உள்ளதைவிடச் சுருங்கும்.

எடையில் 0.1 கிராம் முன்பின் ஆனால் பதற வேண்டாம். ஐந்து செறிவும் ஒரே மூலக்கரைசலிலிருந்து வருவதால் அவற்றுக்கிடையேயான விகிதம் மாறாது, நமக்கு வேண்டியது அந்த விகிதம்தான். மூலக்கரைசல் பாதியில் தீர்ந்து, அவசரமாக இன்னொரு கரைசல் தயாரிப்பதுதான் உண்மையான ஆபத்து. ஐந்து செறிவையும் ஒருமுறை செய்து முடிப்பது ஒரு சுற்று; அதற்கு 10+20+30+40+50, அதாவது 150 மி.லி. செலவாகும். மூன்று சுற்றுக்கு 450 மி.லி.; அதோடு ஒத்திகைக்கு, சாடியை அலச என்று போனால் அரை லிட்டர் போதாது. முழு லிட்டராகச் செய்யச் சொல்வது அதனால்தான்.

படிகம் கரையும்போது பீக்கரைத் தொட்டுப் பாருங்கள், சில்லென்று இருக்கும். ஹைப்போ கரையும்போது வெப்பத்தை உறிஞ்சும். அமிலத்தை நீர்க்கச் செய்யும்போது நேர் மாறாக அது சூடாகும். காலையில் இரண்டையும் தயாரித்து உடனே பரிசோதனையைத் தொடங்கினால், முதல் சில ஓட்டங்கள் ஒரு வெப்பநிலையிலும் கடைசி ஓட்டங்கள் இன்னொரு வெப்பநிலையிலும் நடக்கும். முந்தைய மாலையே தயாரித்து வைத்தால் இரவுக்குள் இரண்டும் அறை வெப்பநிலைக்கு வந்துவிடும்.

அதே சமயம் வாரக்கணக்கில் பழைய தயோசல்பேட்டும் ஆகாது. காற்றிலுள்ள கார்பன் டைஆக்சைடும் பாக்டீரியாவும் அதை மெல்லச் சிதைக்கும். அடியில் வெண்மையாகப் படிந்திருந்தாலோ, வெளிச்சத்தில் பிடித்தால் லேசாகக் கலங்கித் தெரிந்தாலோ கொட்டிவிடுங்கள்.

அமிலம், 2 மோலார், 250 மி.லி. பீக்கரில் 150 மி.லி. நீர் எடுத்து, அதில் அடர் அமிலம் 43 மி.லி. அளவு மெல்ல ஊற்றிக் கலக்கி, ஆறியதும் 250 மி.லி. ஆக்குங்கள். நீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும், அமிலத்தில் நீரை அல்ல. கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொண்டு, புகை வெளியேறும் இடத்தில் நின்று செய்யுங்கள்.

கையேடு 1 மோலார் என்கிறதே என்று கேட்பீர்கள். கணக்கைப் பாருங்கள். ஒரு மோல் தயோசல்பேட்டுக்கு இரண்டு மோல் அமிலம் வேண்டும். 50 மி.லி. தயோசல்பேட்டில் 5 மில்லிமோல் இருக்கிறது, அதற்கு 10 மில்லிமோல் அமிலம் தேவை. 1 மோலார் அமிலம் 10 மி.லி.யில் இருப்பதும் சரியாக 10 மில்லிமோல்தான். மிகுதி என்று எதுவும் இல்லை. குறி மறைவதற்குள் வினையின் ஒரு பகுதிதான் நடக்கிறது என்பதால் 1 மோலாரிலும் ஓரளவு நல்ல கோடு வரும். இருந்தாலும் 'அமிலச் செறிவு மாறவில்லை' என்று துணிந்து எழுத வேண்டுமானால் 2 மோலார் எடுப்பதே நேர்மையானது. தேர்வறையில் கொடுத்த அமிலம் எதுவோ அதைக்கொண்டு செய்யுங்கள். உங்கள் சொந்தத் திட்டப்பணிக்கு 2 மோலாரைப் பயன்படுத்துங்கள்.

3. குறி வரைதல்

வெள்ளைத் தாளில் ஸ்கெட்ச் பேனாவால் ஏறத்தாழ 2 செ.மீ. அகலத்தில் ஒரு பெருக்கல் குறி போடுங்கள். அதன்மேல் ஒளிபுகும் ஒட்டுநாடா ஒட்டிவிடுங்கள். ஈரக் குடுவையை வைத்து எடுப்பதில் வெறும் தாள் ஊறி மை பரவும். நடுவில் வேறு தாள் மாற்றினால் கோட்டின் தடிப்பு மாறும். தடித்த கோட்டை மறைக்க அதிகக் கந்தகம் வேண்டும், நேரமும் கூடும். பதினைந்து ஓட்டத்துக்கும் ஒரே குறி.

மேசையில் இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது மேலே பாருங்கள். விளக்குக்குக் கீழே மின்விசிறி சுழன்றால் இறக்கைகளின் நிழல் தாளில் வெட்டி வெட்டி விழும், குறி மறையும் கணத்தைப் பிடிப்பது கடினம். சன்னல் வெயில் நகர்ந்து வரும் இடமும் வேண்டாம்.

4. ஒத்திகை

50 மி.லி. தயோசல்பேட்டில் 10 மி.லி. அமிலம் ஊற்றி ஒருமுறை சும்மா பாருங்கள். இந்த அளவீட்டைக் குறிக்க வேண்டாம். கண்ணுக்குப் பழக்கம் வருவதற்காகத்தான் இது.

ஊற்றிய உடனே ஒன்றும் தெரியாது. சில விநாடிகளில் குடுவையின் ஓரத்தில் மெல்லிய நீலச் சாயல் படரும், அப்போது கந்தகத் துகள்கள் மிக நுண்ணியவை. பிறகு அது வெண்மையாகி, இளமஞ்சளுக்குத் திரும்பும். குறியின் நான்கு நுனிகளும் முதலில் மங்கும். கோடுகள் ஒன்றையொன்று வெட்டும் நடுப்புள்ளி கடைசிவரை நிற்கும். அந்த நடுப்புள்ளி தெரியாமல் போகும் கணத்தையே முடிவுப் புள்ளியாக வைத்துக்கொள்ளுங்கள். 'குறி மங்கியது' என்று ஒருமுறை நிறுத்தி, 'முழுதாக மறைந்தது' என்று மறுமுறை நிறுத்தினால் எண்கள் ஒத்துப்போகாது.

ஒத்திகையில் 20 விநாடிக்குள் குறி மறைந்துவிட்டால் கோட்டைத் தடிமனாக்குங்கள். அவ்வளவு குறைந்த நேரத்தில் இரண்டு விநாடி கை தாமதமே பத்து சதவீதப் பிழை.

5. ஐந்து கலவைகள்

அளவுகள் எல்லாம் மி.லி.யில் (குடுவை ஒன்றுதான்; எழுத்துகள் கலவையைக் குறிப்பவை):

குடுவை அ: தயோசல்பேட் 10, நீர் 40, அமிலம் 10
குடுவை ஆ: தயோசல்பேட் 20, நீர் 30, அமிலம் 10
குடுவை இ: தயோசல்பேட் 30, நீர் 20, அமிலம் 10
குடுவை ஈ: தயோசல்பேட் 40, நீர் 10, அமிலம் 10
குடுவை உ: தயோசல்பேட் 50, நீர் இல்லை, அமிலம் 10

மொத்தம் எப்போதும் 60 மி.லி. நீரின் வேலை வெறும் நீர்த்தல் மட்டும் அல்ல. அமிலத்தின் செறிவு ஐந்திலும் ஒன்றாக இருக்க வேண்டும், கரைசலின் ஆழமும் ஒன்றாக இருக்க வேண்டும். மேலிருந்து பார்க்கும்போது கண்ணுக்கும் குறிக்கும் இடையே எவ்வளவு கந்தகம் நிற்கிறதோ அதுதான் குறியை மறைக்கிறது. ஆழம் மாறினால் ஒப்பிடவே முடியாது. 'அ' குடுவையில் நீர் ஊற்ற மறந்தால் தயோசல்பேட் செறிவு மும்மடங்காகும், அமிலச் செறிவும் மும்மடங்காகும், ஆழமோ மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போகலாம். அந்த எண்ணுக்கு எந்த அர்த்தமும் கிடையாது. எழுதாமல் விட்டுவிட்டு மறுபடி செய்யுங்கள்.

6. ஓட்டம்

தயோசல்பேட்டையும் நீரையும் குடுவையில் எடுத்து ஒரு சுழற்று சுழற்றுங்கள். வெப்பமானியை விட்டு வெப்பநிலையைக் குறியுங்கள். குடுவையைக் குறியின்மேல் வையுங்கள். அமிலம் 10 மி.லி.யைத் தனிச் சாடியில் தயாராக வைத்திருந்து ஒரே வீச்சில் ஊற்றி, பாதி ஊற்றும்போதே கடிகாரத்தைத் தட்டுங்கள். இரண்டு சுழற்று சுழற்றிக் குறியின்மேல் வைத்துவிட்டு அப்புறம் தொடாதீர்கள். நேர் மேலிருந்து பாருங்கள், ஆனால் மூக்கைக் குடுவையின் வாய்க்கு நேரே கொண்டுபோகாதீர்கள். வெளிவருவது சல்பர் டைஆக்சைடு. ஆஸ்துமா உள்ளவர் குறியைப் பார்க்கும் வேலையை எடுக்கக்கூடாது, கடிகாரத்தையோ குறிப்பேட்டையோ எடுத்துக்கொள்ளட்டும். சன்னல்கள் திறந்திருக்க வேண்டும்.

குறி மறைந்ததும் கடிகாரத்தை நிறுத்தி, குடுவையில் உள்ளதைச் சோடா வாளியில் கொட்டுங்கள். வாளியில் 3 லிட்டர் நீரில் 50 கிராம் சலவைச் சோடா கரைத்து இரண்டு துளி பினாப்தலீன் விட்டிருந்தால் இளஞ்சிவப்பாக இருக்கும். சிவப்பு இருக்கும்வரை வாளியில் காரம் இருக்கிறது என்று தெரியும். போய்விட்டால் இன்னும் கொஞ்சம் சோடா போடுங்கள். காரத்தில் விழுந்ததும் வினை நின்றுவிடும், மணமும் அடங்கும். முடிந்த குடுவைகளை மேசையில் வரிசையாக வைத்துவிட்டு அடுத்ததைப் பார்ப்பவர்கள்தான் அறை முழுக்க இருமலைக் கிளப்புகிறார்கள். குறி மறைந்த பின்னும் வினை நடந்துகொண்டே இருக்கும் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

குடுவையை உடனே கழுவுங்கள். கந்தகம் ஈரமாக இருக்கும்போது தூரிகையில் வந்துவிடும். காய்ந்தால் கண்ணாடியில் மெல்லிய வெண்படலமாக ஒட்டிக்கொள்ளும், அடுத்த ஓட்டத்தில் குறி சீக்கிரமே மறைந்ததுபோல் தெரியும். ஒரே குடுவையைப் பயன்படுத்தச் சொன்னது இங்கேதான் பயன்படுகிறது: அடிப்பாகத்தின் அகலமும் கண்ணாடியின் தெளிவும் மாறாது. கடைசியாக வாலைவடிநீரில் அலசிக் கவிழ்த்து வடியவிடுங்கள். ஒரு துளி அமிலம் உள்ளே தங்கினாலும் அடுத்த தயோசல்பேட்டை ஊற்றியதுமே வினை தொடங்கிவிடும்.

அளவுசாடிகளுக்கும் இதே கட்டுப்பாடு. ஒன்றில் 'தயோ', ஒன்றில் 'நீர்', சிறியதில் 'அமிலம்' என்று நாடா ஒட்டி எழுதிவிடுங்கள். பத்தாவது ஓட்டத்தில் களைப்பில் சாடி மாறிப்போவது மிகச் சாதாரணம். தயோசல்பேட் சாடி உள்ளே வெண்மையாகத் தெரிந்தால் அது நடந்துவிட்டது என்று பொருள்.

ஐந்தையும் எந்த வரிசையில் செய்வது என்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. முதல் சுற்றை அ-விலிருந்து உ-வுக்கும், இரண்டாவதை உ-விலிருந்து அ-வுக்கும், மூன்றாவதை எப்படியோ கலைத்தும் செய்யுங்கள். அறை மெல்லச் சூடேறிக்கொண்டே வந்தால், எப்போதும் ஒரே திசையில் செய்தவருக்கு வெப்பநிலையின் விளைவு செறிவின் விளைவோடு கலந்துவிடும், பிறகு பிரித்தெடுக்க வழியில்லை. பொதுவாக 10 டிகிரி கூடினால் வேகம் ஏறத்தாழ இரட்டிக்கும். அந்தக் கணக்கில் 2 டிகிரி ஏற்றமே நேரத்தை 13 சதவீதம் அளவுக்குக் குறைத்துவிடும். சித்திரை வைகாசியில் காலை ஒன்பதுக்கும் பதினொன்றுக்கும் இடையே நம் ஊர் ஆய்வகங்களில் அவ்வளவு ஏறுவது அதிசயம் இல்லை. மூலக்கரைசல், அமிலம், நீர் மூன்றையும் ஒரே நீர்த்தொட்டியில் உட்கார வைத்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

குறியைப் பார்ப்பவர் கடைசிவரை ஒருவரே. கைபேசியில் காணொளி எடுத்துப் பிறகு பார்ப்பதும் நல்ல முறைதான், ஆனால் காமிராவின் வெளிச்ச அளவையும் குவியத்தையும் பூட்டி வையுங்கள். பூட்டாவிட்டால் கரைசல் கலங்கக் கலங்க காமிரா தானாகவே பிரகாசத்தை மாற்றி முடிவுப் புள்ளியை நகர்த்திவிடும்.

7. எவ்வளவு நேரம் பிடிக்கும்

கரைசல்கள் தயாராக இருந்தால் ஒரு சுற்றுக்குக் குறி மறையும் நேரம் மட்டும் எட்டு, ஒன்பது நிமிடம் வரும். அளப்பது, கழுவுவது எல்லாம் சேர்த்து மூன்று சுற்றும் ஒன்றரை மணி நேரத்தில் முடியும். மூன்று மணி நேர வகுப்பில் வரைபடம் வரையவும் நேரம் மிஞ்சும். கரைசலும் அன்றே தயாரித்தால் மிஞ்சாது.

8. குறிப்பேட்டில் என்ன எழுத வேண்டும்

அளவீட்டை அந்த நிமிடமே பேனாவால் எழுதுங்கள். துண்டுத் தாளில் எழுதிப் பிறகு ரெக்கார்டில் அழகாகப் படியெடுக்கும்போது எண்கள் நழுவும். தவறாகப் போன ஓட்டத்தை அழிக்காமல் ஒரு கோடு போட்டு, ஏன் தவறு என்று பக்கத்தில் எழுதுங்கள். ஆசிரியரின் சுருக்கொப்பத்தை அன்றே வாங்கிவிடுங்கள். ஒவ்வொரு கலவைக்கும் தயோசல்பேட் அளவு, நீர் அளவு, அமில அளவு, வெப்பநிலை, மூன்று நேரங்கள், சராசரி, 1/நேரம் என்று பத்திகள் வேண்டும். வெப்பநிலைப் பத்தியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். எண் ஒன்று ஒத்துவராதபோது காரணம் சொல்ல உதவுவது அந்தப் பத்திதான்.

செறிவுப் பத்தியில் 0.1 என்று ஐந்து முறை எழுதாதீர்கள். கலந்த பிறகு உள்ள செறிவு வேண்டும்: 0.1 × கன அளவு ÷ 60. அ-வுக்கு 0.017, ஆ-வுக்கு 0.033, இ-க்கு 0.050, ஈ-க்கு 0.067, உ-வுக்கு 0.083 மோலார்.

9. கணக்கும் வரைபடமும்

கணக்கைக் காட்டுவதற்காகச் சில எண்களை வைத்துக்கொள்வோம். உங்கள் எண்கள் வெப்பநிலையையும் கோட்டின் தடிப்பையும் பொறுத்து வேறாகத்தான் இருக்கும், இவற்றைப் படியெடுக்காதீர்கள்.

அ: 220 விநாடி; 1000 ÷ நேரம் = 4.5
ஆ: 108 விநாடி, 9.3
இ: 71 விநாடி, 14.1
ஈ: 53 விநாடி, 18.9
உ: 42 விநாடி, 23.8

மேசையை விட்டு எழுவதற்கு முன் ஒரு சிறு சோதனை செய்யுங்கள்: தயோசல்பேட் கன அளவை நேரத்தால் பெருக்குங்கள். மேலே உள்ளவற்றுக்கு 2200, 2160, 2130, 2120, 2100 என்று வருகிறது. ஏறத்தாழ மாறிலி. ஏதாவது ஒன்று மட்டும் 1500 என்றோ 3000 என்றோ வந்தால் அந்த ஓட்டத்தில் தவறு இருக்கிறது. கரைசல் கையில் இருக்கும்போதே மறுபடி செய்துவிடலாம். வீட்டுக்குப் போய் வரைபடத்தாளை விரித்த பிறகு கண்டுபிடித்துப் பயனில்லை.

வரைபடத்தில் கிடை அச்சில் செறிவு, செங்குத்து அச்சில் 1/நேரம். நேரத்தையே அப்படியே குறித்தால் இறங்கும் வளைவுதான் கிடைக்கும், அதைப் பார்த்து எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஒவ்வொரு முறையும் குறியை மறைப்பது ஒரே அளவு கந்தகம். அந்த அளவு உருவாக ஆன நேரம் பாதியானால் வேகம் இரட்டை. அதனால்தான் 1/நேரத்தை வேகத்துக்கு ஈடாக வைக்கிறோம். 1/நேரம் வினைவேகம் என்று எழுதாதீர்கள்; அது வினைவேகத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கிறது என்று எழுதுங்கள். வாய்மொழித் தேர்வில் இந்த ஒரு சொல்லுக்காகவே மதிப்பெண் போகும்.

புள்ளிகளைச் சேர்க்கும்போது ஒன்றிலிருந்து ஒன்றுக்கு இழுக்காமல், எல்லாவற்றுக்கும் நடுவே போகும் ஒரே நேர்கோட்டை அளவுகோலால் போடுங்கள். அது தொடக்கப் புள்ளி வழியாகவோ மிக அருகிலோ போக வேண்டும். அப்படிப் போனால் தயோசல்பேட்டைப் பொறுத்து இது முதல் வகை வினை, அதாவது செறிவு எத்தனை மடங்கோ வேகமும் அத்தனை மடங்கு.

இன்னும் கறாராக வேண்டுமானால் மடக்கை எடுங்கள். அ-விலிருந்து உ-வுக்குச் செறிவு 5 மடங்கு, வேகம் 220 ÷ 42, அதாவது 5.24 மடங்கு. மடக்கை 5.24 என்பது 0.719, மடக்கை 5 என்பது 0.699. வகுத்தால் 1.03. வினை வகை 1.

10. கோடு ஒத்துழைக்காதபோது

மிகக் குறைந்த செறிவுப் புள்ளி, அதாவது 'அ', கோட்டுக்குச் சற்றுக் கீழே நிற்பது பலருக்கும் வரும். இது கைத்தவறு இல்லை. குறியை மறைக்க வேண்டிய கந்தகம் எல்லாக் குடுவையிலும் ஒன்றே; 10 மி.லி. மட்டுமே தயோசல்பேட் உள்ள குடுவையில் அந்தக் கந்தகத்துக்காகச் செலவாகும் பங்கு பெரிது. குறி மறைவதற்குள்ளாகவே தயோசல்பேட்டின் செறிவு கணிசமாகக் குறைந்துவிடுவதால் சராசரி வேகமும் குறைகிறது. மெல்லிய கோட்டில் குறி வரைந்தால் இது குறையும். இந்தக் காரணத்தை ரெக்கார்டில் இரண்டு வரியில் எழுதுங்கள், புள்ளியைக் கோட்டுக்கு இழுத்துவிடாதீர்கள்.

அதே குடுவையில் இன்னொரு சிக்கலும் உண்டு. குறி மிக மெதுவாக மங்குவதால் எந்தக் கணத்தில் மறைந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. மூன்று அளவீடுகள் பத்து விநாடி வரை விலகலாம். 220-இல் பத்து என்பது ஐந்து சதவீதத்துக்கும் கீழே. 42-இல் பத்து விலகினால்தான் கவலைப்பட வேண்டும்.

எல்லா நேரமும் சுற்றுக்குச் சுற்று குறைந்துகொண்டே வந்தால் வெப்பநிலைப் பத்தியைப் பாருங்கள். வெப்பநிலை மாறவில்லை என்றால் குடுவையில் கந்தகப் படலம் ஏறியிருக்கிறது. அமிலம் ஊற்றும் முன்பே கரைசல் கலங்கினால் சாடி மாறிவிட்டது, அல்லது குடுவையில் அமிலம் தங்கியிருக்கிறது. ஒரே ஒரு சுற்று முழுவதும் மற்ற இரண்டிலிருந்து விலகி நின்றால், அந்தச் சுற்றில் குறியைப் பார்த்தவர் யார் என்று கேளுங்கள்.

11. வாய்மொழித் தேர்வில் வழுக்கும் இடங்கள்

'செறிவு கூடினால் துகள்கள் வேகமாக ஓடும்' என்பது தவறு. அது வெப்பநிலை செய்யும் வேலை. செறிவு கூடும்போது ஒரு மி.லி.யில் உள்ள துகள்களின் எண்ணிக்கை கூடுகிறது, அதனால் ஒரு விநாடிக்கு நடக்கும் மோதல்கள் கூடுகின்றன. 'ஒரு விநாடிக்கு' என்பதை விடாமல் சொல்லுங்கள். ஒவ்வொரு மோதலும் வினையாகும் வாய்ப்பு அப்படியேதான் இருக்கிறது.

வேகமாறிலி, அதாவது வேகத்தைச் செறிவோடு இணைக்கும் விகித எண், செறிவோடு மாறுமா? மாறாது. வினைவேகம்தான் மாறும்.

சமன்பாட்டில் அமிலத்தின் கெழு 2 என்பதால் அமிலத்தைப் பொறுத்து இரண்டாம் வகை என்று சொல்லலாமா? கூடாது. வினை வகையைச் சோதனையில்தான் கண்டுபிடிக்க வேண்டும். நாம் இங்கே அமிலத்தின் செறிவை மாற்றவே இல்லை. அதைப் பற்றி இந்த அளவீடுகளிலிருந்து எதுவும் சொல்ல முடியாது என்பதே சரியான பதில்.

12. முடித்த பிறகு

வாளியில் அடியில் கந்தகம் படிய ஒரு மணி நேரம் விடுங்கள். மேலே தெளிந்ததை நிறைய நீரோடு தொட்டியில் விடலாம். அடியில் உள்ள சேற்றை வடிதாளில் வடித்துக் குப்பையில் சேர்ப்பது நல்லது; அப்படியே தொட்டியில் கொட்டினால் குழாய் வளைவில் தங்கி அடைத்துக்கொள்ளும். மீந்த தயோசல்பேட்டில் கால் சிட்டிகை சோடியம் கார்பனேட் போட்டு, பெயர், செறிவு, தேதி எழுதி, இருட்டான அலமாரியில் வையுங்கள். வெப்பநிலையை மாற்றிச் செய்யும் அடுத்த பரிசோதனைக்கு அரை லிட்டர் தாராளம். அதை ஒரு வாரத்துக்குள் செய்துவிடுங்கள்.